மச்சினன் மாட்டிவிட்ட காத்துக் குழல்

அன்னைக்கு எனக்கு இருந்த வேலை ஒண்ணே ஒண்ணுதான். கோவிலம்பாக்கம் போயி, ஏகாம்பரம்ங்கிறவரை என் பைக் பின்னாடி உக்கார வச்சு, அஸ்தினாபுரத்துல இருக்கிற எங்க வீட்டுக்குக் கூட்டிட்டு வரணும். பத்தரை மணிக்குள்ள.

நடுவுல நன்மங்கலம். அதைத் தாண்டினா எங்க ஏரியா. சைக்கிள்ல போறவனே வேர்க்காம போயிட்டு வந்துடுவான்.

பத்தரைக்கு என்னன்னு கேக்குறீங்களா? வெள்ளிக்கிழமை. ராகு காலம்.

தொண்ணூறுகளோட ஆரம்பம் அது. என் மச்சினன் பாஸ்கருக்குப் பொண்ணு பேசிட்டு இருந்தோம். பாஸ்கர் என் சம்சாரம் சுமதியோட தம்பி. நல்ல பையன். ஒரே ஒரு குறை, பிசினஸ் பண்ணுவான்.

முதல்ல தண்ணித் தொட்டிக்குள்ள போடுற காந்தம் வித்தான். போட்டா உப்புத் தண்ணி நல்ல தண்ணி ஆயிடுமாம். எங்க தொட்டியிலயும் ஒண்ணு போட்டான். தண்ணி அப்படியே இருந்துச்சு, காந்தம் துரு புடிச்சிடுச்சு. அப்புறம் கரண்ட் பில்லைக் குறைக்கிற டப்பா வித்தான். அந்த டப்பா ஓடுறதுக்கே கரண்ட் வேணும்னு பின்னாடிதான் தெரிஞ்சுது.

மூணாவது, பைக்குக்கு மாட்டுற காத்துக் குழல்.

பளபளன்னு ஒரு குழல். பாக்க நாதஸ்வரத்தோட வாய் மாதிரி விரிஞ்சிருக்கும். உள்ள தகடுல ஒரு காத்தாடி. இதை மாட்டினா இஞ்சினுக்குள்ள காத்து சுழண்டு சுழண்டு போகுமாம். அதனால பிக்கப்பு கூடுமாம், மைலேஜும் கூடுமாம், புகை வராதாம். விட்டா சர்க்கரை வியாதிக்கும் நல்லதுன்னு சொல்லியிருப்பான்.

"காத்தாடி சுத்தவே இல்லியேடா"ன்னேன்.

"அது சுத்தக் கூடாது மாமா. காத்துதான் அதைச் சுத்திட்டுப் போகும்."

"இவ்ளோ சின்ன தகடுல இவ்ளோ பலன் இருந்தா, வண்டி செய்யிற கம்பெனிக்காரனே மாட்டிக் குடுத்திருக்க மாட்டானா? அவன் என்ன இஞ்சினியரா, இல்ல பூ கட்டுறவனா?"

பாஸ்கர் என்னைப் பரிதாபமா பாத்தான். "அவங்களுக்கும் பெட்ரோல் விக்கிறவங்களுக்கும் ஒரு அண்டர்ஸ்டாண்டிங் இருக்கு மாமா. உங்களுக்கு உலகம் தெரியாது."

இஞ்சினை ஓட விட்டு, குழல் வாய்கிட்ட ஒரு காகிதத்தைக் காட்டினான். காகிதம் சட்டுனு போயி ஒட்டிக்கிச்சு. "பாத்தீங்களா, என்னமா இழுக்குது"ன்னான். எந்த இஞ்சினும் இழுக்கத்தான் செய்யும், இழுக்கலன்னா அதை இஞ்சின்னு சொல்ல மாட்டாங்க. அதைச் சொல்ல வாயைத் தொறந்தேன். அடுப்படியில இருந்து சுமதி குரல் வந்துச்சு.

"என் தம்பின்னா உங்களுக்கு எப்பவுமே இளக்காரம்தான்."

அவ்ளோதான். குழல் வண்டியில ஏறிடுச்சு. ஏர் ஃபில்டர் பெட்டியைக் கழட்டி என் கையில குடுத்து, "இதைப் பரண்ல போட்டுடுங்க மாமா, இனிமே தேவைப்படாது"ன்னான். பரண்ல துரு புடிச்ச காந்தத்துக்குப் பக்கத்துல வச்சேன். கைக்கு எட்டுற மாதிரிதான் வச்சேன்.

மாட்டின பிறகு ஒரே ஒரு மாற்றம் தெரிஞ்சுது. சத்தம். அதுக்கு முன்னாடி என் வண்டி தையல் மெஷின் மாதிரி ஓடும். அப்புறம் சளி புடிச்ச தையல் மெஷின் மாதிரி ஓடுச்சு. வேகம் கூடல, மைலேஜும் கூடல. தெரு நாய்ங்க மட்டும் எழுந்து நின்னு பாக்க ஆரம்பிச்சுது.

இந்த நேரத்துலதான் ஏகாம்பரம் வந்தார். கோவிலம்பாக்கத்துல பூர்வீகம். ஒரு காலத்துல நெல்லு போட்ட நிலத்தையெல்லாம் மனை போட்டு வித்துட்டு, ஜல்லி மணல் வியாபாரம் பண்ணிட்டு இருந்தார். ஒரே பொண்ணு மல்லிகா. அந்தப் பொண்ணுக்கு பாஸ்கரைப் புடிச்சுப் போச்சு. அவருக்குத்தான் பாஸ்கரோட தொழில் என்னன்னு புரியல.

"மேடவாக்கத்துல ஒரு பையன் கீறான். கவர்மெண்ட் வேல. அவங்க வூட்லயும் கேட்டுகினே கீறாங்க"ன்னு எங்ககிட்ட நேராவே சொல்லிட்டார். "விஜயதசமி அன்னிக்கு அந்தச் சாமான் மாட்ன வண்டிலயே என்னை இட்டுகினு போங்க. கண்ணால பாக்கறேன். புட்சிருந்தா அன்னிக்கே, ராகு காலத்துக்கு முன்னாடி தட்டு மாத்திக்கலாம். இல்லாங்காட்டி மேடவாக்கம்."

அந்தச் சாமான் மாட்டின வண்டி உலகத்துல ஒண்ணே ஒண்ணுதான் இருந்துச்சு. என்னுது.

கிளம்பும்போது சுமதி வாசல் வரைக்கும் வந்தா. "அப்பா இருந்தா அவர் பாத்திருப்பாருங்க. இப்ப அவனுக்கு நாமதான். பொண்ணோட அப்பா அந்தக் குழலைப் பத்தி ஏதாவது கேட்டா நல்லதா நாலு வார்த்தை சொல்லுங்க."

நான் யோசிச்சேன்.

"சொல்ல வரலைன்னா இருமிடுங்க"ன்னா.

அவ முகத்தைப் பாத்தப்ப எனக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சு. சரின்னேன்.

ஒன்பதரைக்கெல்லாம் ஏகாம்பரம் வீட்டு வாசல்ல இருந்தேன். அவர் குளிச்சுட்டு இருந்தார். வேப்ப மரத்தடியில டிராக்டர், பக்கத்துல மொபெட்டு, அந்தாண்டை தண்ணி மோட்டார். எல்லாத்துக்கும் முந்தின நாள் ஆயுத பூஜைக்குப் போட்ட மாலை அப்படியே இருந்துச்சு. டிராக்டருக்கு முன்னாடி ரெண்டு வாழைக்கன்னு வேற.

ஏகாம்பரத்தோட சம்சாரம் வெளிய வந்து என் வண்டியை மேலயும் கீழயும் பாத்தாங்க.

"இன்னா தம்பி, நாளும் கெழமயுமா வண்டிய இப்டி மூளியா ஓட்டிகினு வந்துகீற. வூட்ல பூஜ பண்லியா?"

"பண்ணோம்மா. ஒரு குங்குமப் பொட்டு வச்சோம்."

"பொட்டு வெச்சா ஆச்சா? சம்பந்தம் பேச வந்த வண்டி. நீ உள்ள போயி டிபன் சாப்புடு, நான் பாத்துக்கறேன்."

சம்பந்தம் பேசப் போன வீட்டுல டிபன் வேணாம்னு சொல்ல முடியாது. சொன்னா சம்பந்தம் வேணாம்னு அர்த்தம். இட்லி வந்துச்சு. வடை வந்துச்சு. வடை நல்லா இருக்குன்னு வாய் தவறிச் சொல்லிட்டேன், மறுபடியும் வடை வந்துச்சு. ஏகாம்பரம் குளிச்சு முடிச்சு, நெத்தி நிறைய விபூதியோட வந்து உக்காந்து, அவரும் நிதானமா சாப்பிட்டார். சுவத்துக் கடிகாரத்துல பத்து தாண்டிடுச்சு. என்னைத் தவிர அதை யாரும் பாக்கல.

வெளிய வந்தா என் வண்டியைக் காணோம். அது நின்ன இடத்துல ஒரு சாமி ஊர்வலம் நின்னுட்டு இருந்துச்சு.

டிராக்டர்ல இருந்த வாழைக்கன்னு ரெண்டும் என் ஹேண்டில்பார்ல, பக்கத்துக்கு ஒண்ணா. ஹெட்லைட்டுல இருந்து சாவித் துவாரம் வரைக்கும் மூடி ஒரு பெரிய சாமந்தி மாலை. ஸ்பீடோமீட்டர் கண்ணாடி மேல சந்தனம். சாவியை நான் வண்டியிலயே விட்டுட்டுப் போயிருந்தேன், அது மாலைக்கு அடியில எங்கயோ இருந்துச்சு.

எல்லாத்துக்கும் மேல அந்தக் குழல். அதுக்குத் தனி மரியாதை. சுத்திலும் மூணு பொட்டு. ஒரு சாமந்திச் சரத்தோட முனையை மடிச்சு, குழல் வாய்க்குள்ளயே சொருகி வச்சிருந்தாங்க.

"அம்மா, அந்த இடத்துல பூ வேணாம்மா"ன்னேன்.

"இன்னா தம்பி இப்டி சொல்ற? அதான் முக்கியமான சாமான்றாங்கோ. அதுக்குத்தான மொதல்ல பூ வெக்கணும்."

வச்ச பூவை எடுக்கிறது அபசகுனம், அதுவும் தட்டு மாத்தப் போற அன்னைக்கு. அவங்க எலுமிச்சம்பழம் எடுக்க உள்ள போன நேரம் பாத்து, ரெண்டு விரலால பூவைப் புடிச்சு மெதுவா இழுத்தேன். பூ வெளிய வந்துடுச்சு. அப்பாடான்னு இருந்துச்சு.

பூதான் வந்துச்சு. அதைக் கட்டியிருந்த வாழை நார் உள்ளயே நின்னுடுச்சு. அது எனக்கு அப்ப தெரியாது.

சக்கரத்துக்கு அடியில எலுமிச்சம்பழம் வச்சாங்க. மாலைக்குள்ள கையை விட்டு சாவியைத் திருப்பி, உதைச்சு ஸ்டார்ட் பண்ணேன். ஏகாம்பரம் பின்னாடி உக்காந்தார். வண்டி ஒரு சாண் இறங்குச்சு.

"தம்பி, நீ ஆபீஸ் போற ஆளு. பொய் சொல்ல மாட்ட. இந்தக் கொழலு மெய்யாலுமே வேல செய்யுதா?"

நான் இருமினேன்.

"இன்னா, சளியா?"

மறுபடியும் இருமினேன். கிளம்பிட்டோம்.

கோவிலம்பாக்கம் தாண்டற வரைக்கும் வண்டி எப்பவும் போலத்தான் போச்சு. அதாவது மாட்டு வண்டிக்கு வழி விட்டுக்கிட்டு. ஏகாம்பரம் வாட்சைப் பாத்தார். அப்புறம் பெருமூச்சு விட்டார்.

"என் மொபெட்டே தேவல போலகீதே. மணி வேற ஆய்கினே கீது. ராகு காலம் பொறந்துச்சுன்னா இன்னிக்கு ஒண்ணியும் பேச முடியாது. நாளைக்கு மேடவாக்கத்துக்காரங்க வராங்கோ."

எனக்கு சுமதி முகம் ஞாபகத்துக்கு வந்துச்சு. அந்தக் குழல் மேல எனக்கு ஒரு பொட்டு நம்பிக்கை கிடையாது. ஆனா பாஸ்கரை விட்டுக் குடுக்க மனசு வரல. ஆக்ஸிலேட்டரைக் கடைசி வரைக்கும் முறுக்கினேன்.

வண்டி பறந்துச்சு.

எனக்கே ஆச்சரியம். அட, நெஜமாவே இழுக்குதேன்னு ஒரு நிமிஷம் மனசார நம்பினேன். நன்மங்கலம் வளைவு வந்துச்சு. ஆக்ஸிலேட்டரைப் பழையபடி திருப்பினேன். கை திரும்புச்சு, வண்டியோட வேகம் குறையல.

உள்ள போன நார் கார்புரேட்டர்ல சிக்கி, இஞ்சினுக்குக் காத்தும் பெட்ரோலும் விடுற கதவை மூட விடாம நிறுத்தி வச்சிருந்துச்சு. இது அப்புறமா கண்டுபுடிச்சது. அந்த நேரத்துல எனக்குத் தெரிஞ்சதெல்லாம், வண்டி இனிமே என் பேச்சைக் கேக்காதுங்கிறது மட்டும்தான்.

பிரேக்கை மிதிச்சேன். கருகின வாசனை வந்துச்சு, வேகம் குறையல. கிளட்சைப் புடிச்சேன். இஞ்சின் போட்ட அலறல்ல டீக்கடை பெஞ்சுல இருந்தவங்க எழுந்து நின்னுட்டாங்க. பயந்து கிளட்சை விட்டேன். வண்டி முன்னைவிட வேகமா எகிறுச்சு.

சரி, சாவியைத் திருப்பிடலாம்னு ஒரு கையை மாலைக்குள்ள விட்டேன். சாமந்தி கிடைச்சுது. வாழை இலை கிடைச்சுது. யாரோ சொருகி வச்சிருந்த வெத்தலை கிடைச்சுது. சாவி கிடைக்கல. அதுக்குள்ள ஒரு வாழைக்கன்னு காத்துல சாஞ்சு என் கண்ணை மூடுச்சு. கையை எடுத்து அதைத் தள்ள வேண்டியதாப் போச்சு.

முன்னாடி டவுன் பஸ் போயிட்டு இருந்துச்சு. அந்த ரூட்ல அந்த பஸ்ஸை நான் ஒரு நாளும் தாண்டினது இல்ல. அன்னைக்குத் தாண்டினேன். படியில நின்ன கண்டக்டர் வாழைக்கன்னையும் பாத்தார், என்னையும் பாத்தார், கன்னத்துல போட்டுக்கிட்டார்.

"ஐயா, வண்டி நிக்க மாட்டேங்குதுங்க"ன்னு கத்தினேன்.

"நிக்க வேணாம்பா. ராகு காலம் வந்துகினு கீது. நீ போ."

அடுத்த வளைவுல, முந்தின நாள் யாரோ திருஷ்டி சுத்தி உடைச்ச பூசணிக்காய் கிடந்துச்சு. நேரா அது மேல ஏறினோம். வண்டி இடது பக்கம் ஒரு வழுக்கு, வலது பக்கம் ஒரு வழுக்கு. எங்க குலதெய்வத்தைக் கூப்பிட்டேன், அப்புறம் திருநீர்மலைப் பெருமாளையும் கூப்பிட்டேன். ரெண்டு பேர்ல யாரோ ஒருத்தர் கேட்டுட்டாங்க, வண்டி நிமிர்ந்துடுச்சு.

பின்னாடி ஏகாம்பரம் என் தோளைத் தட்டினார். "ஊசி கணக்கா பூந்து போவுது பா. இன்னா பிக்கப்பு, இன்னா பிக்கப்பு."

எங்க தெரு வந்துடுச்சு. வாசல்ல சுமதி ஆரத்தித் தட்டோட நிக்கிறா. பக்கத்துல பாஸ்கர், புதுச் சட்டை, படிய வாரின தலை. நாங்க அவங்களைத் தாண்டிப் போயிட்டோம். ஆரத்தி கற்பூரம் அணைஞ்சுது. பாஸ்கர் மட்டும் ரெண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டான். வண்டியைக் கும்பிட்டானா, மாமனாரைக் கும்பிட்டானான்னு தெரியல.

"அதான தம்பி வூடு?"

"ஆமாங்கய்யா."

"பின்ன இன்னாத்துக்குத் தாண்டிப் போற?"

மறுபடியும் நிக்கலன்னு சொன்னா, இந்தத் தடவை குழல் கோளாறுன்னு ஆயிடும். பாஸ்கர் கதை அங்கயே முடிஞ்சுது. என் வாயில இருந்து வந்த வார்த்தையை என்னாலயே நம்ப முடியல.

"ஒரு ரவுண்டு காட்டலாம்னுதாங்கய்யா."

"சபாஷ்"ன்னார்.

தெருமுனையில திரும்பும்போதுதான் எனக்கு மூளை வேலை செஞ்சுது. பெட்ரோல் நாப். டேங்குக்கு அடியில, இடது கால் பக்கத்துல இருக்கு. அதை மூடினா இஞ்சினுக்குப் பெட்ரோல் போகாது. இவ்ளோ நேரம் சாமியைக் கூப்பிட்ட நேரத்துல குனிஞ்சு பாத்திருக்கலாம். கையை விட்டு மூடினேன்.

வண்டி நிக்கல.

ஏற்கெனவே கார்புரேட்டர்ல இறங்கின பெட்ரோல் தீர்ற வரைக்கும் ஓடும்ல. அது தீர்றதுக்குள்ள பின்னாடி தெரு போயி, ரேஷன் கடை வரிசையைச் சிதற அடிச்சு, மறுபடியும் எங்க தெருவுக்கே வந்துட்டோம். சுமதி அவசர அவசரமா கற்பூரத்தைத் திரும்பவும் ஏத்திட்டு இருந்தா. தூரத்துல இருந்தே நான் கண்ணால கெஞ்சினேன். அவளுக்குப் புரியல. என்னைப் பாத்து சிரிச்சா.

வாசல் நெருங்கினப்ப இஞ்சின் ஒரு விக்கல் விட்டுச்சு. இன்னொரு விக்கல். அப்புறம் அடங்கிடுச்சு. அப்படியே உருண்டு போயி, ஆரத்தித் தட்டுக்கு நேரா, கோலத்து மேல சக்கரம் ஏறாம நின்னுச்சு. இது நாள் வரைக்கும் அவ்ளோ அழகா நான் வண்டியை நிறுத்தினதே இல்ல.

ஏகாம்பரம் இறங்கி வாட்சைப் பாத்தார். ராகு காலத்துக்கு இன்னும் கொஞ்சம் நேரம் மிச்சம் இருந்துச்சு.

"பறக்கவும் பறக்குது, நிறுத்த வேண்டிய எடத்துல பொட்டு வெச்ச மாதிரி நிக்கவும் நிக்குது. அந்த மேடவாக்கத்துப் பையனுக்கு வேல கீது. இந்தப் பையனுக்கு மூள கீது. தட்ட எட்துகினு வாங்கமா."

தட்டு மாத்தியாச்சு. சுமதி புடவைத் தலைப்பால கண்ணைத் துடைச்சுக்கிட்டா. எனக்கும் சந்தோஷமாத்தான் இருந்துச்சு. கேசரித் தட்டைக் கீழ வச்சுட்டு, முதல்ல மாலைக்குள்ள தேடி அந்தச் சாவியை எடுத்தேன்.

எல்லாரும் உள்ள பேசிட்டு இருந்தப்ப, நானும் பாஸ்கரும் வண்டியைக் கொல்லைப்பக்கம் தள்ளிட்டுப் போயி குழலைக் கழட்டினோம். உள்ள இருந்து நாலு சாமந்தி இதழும், ஒரு முழ நாரும் வந்துச்சு. நாரைத் தூக்கி அவன் கண்ணுக்கு நேரா காட்டினேன்.

"பாத்தியாடா? உன் குழல் இல்ல. இதுதான் இழுத்துச்சு. உன் மாமனாரும் நானும் போய்ச் சேர வேண்டியது."

பாஸ்கர் ரொம்ப நேரம் நாரையே பாத்தான். திருந்திட்டான்னு நினைச்சேன்.

"மாமா"ன்னான். "நாரையும் சேத்துக் குடுத்தா எப்படி இருக்கும்?"

மறுநாள் பரண்ல கையை விட்டு, ஃபில்டர் பெட்டியை எடுத்து மாட்டிட்டேன். தையல் மெஷின் திரும்ப வந்துடுச்சு.

கல்யாணம் நல்லபடியா நடந்துச்சு. பாஸ்கர் இப்ப மாமனாரோட ஜல்லி மணல் வியாபாரத்தைப் பாத்துக்கிறான். நல்லாவும் பாத்துக்கிறான், ஏன்னா ஜல்லியில காத்து எதுவும் சுத்த வேண்டியதில்ல. ஏகாம்பரம் மட்டும் தன் மொபெட்டுக்கும் ஒரு குழல் வாங்கி மாட்டிக்கிட்டார். "அன்னிக்கு வந்த பிக்கப்பு இதுல வரலியே மாப்ள"ன்னு கேட்டப்ப பாஸ்கர் அசரவே இல்ல. "அது ஓட்டுறவங்க கையில இருக்கு மாமா. எங்க மாமா கை அப்படி"ன்னுட்டான். ஏகாம்பரம் அன்னையில இருந்து யார் வண்டியில வேணும்னாலும் ஏறுவார், என் வண்டியில ஏறணும்னா வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிறார்.

சுமதி ஒரு நாள் தனியா கேட்டா. "நெஜமா சொல்லுங்க. என் தம்பியோட குழல் அன்னைக்கு வேலை செஞ்சுதுல்ல?"

எனக்கு இருமல் வந்துடுச்சு.

அதுக்கப்புறம் சொந்தக்காரங்க யார் அந்தக் குழலைப் பத்திப் பேச்செடுத்தாலும் எனக்கு இருமல்தான். சுமதி பயந்து போயி குரோம்பேட்டையில ஒரு டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனா. அவர் நெஞ்சுல குழாயை வச்சு, மூச்சை நல்லா இழுங்க, விடுங்கன்னு சொல்லி ரொம்ப நேரம் கேட்டார்.

ஒரு கோளாறும் இல்லையாம். காத்து தாராளமா உள்ள போகுதாம்.